முட்டை, பால் இல்லாத குரக்கன் கேக்: உதிராமலும் சீனி குறைத்தும் செய்ய வழி உண்டா?

கேள்வி, 05.01.2025

திருகோணமலை பாலையூற்றிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்குச் சுகர், கொலஸ்ட்ரோலும் கொஞ்சம் கூட. முழுச் சைவம், முட்டை தொடமாட்டார். பின்னேரத் தேத்தண்ணியோடு ஏதாவது கேட்கிறார். தனிக் குரக்கன் (கேழ்வரகு) மாவில் வாழைப்பழமும் பனங்கட்டியும் போட்டுக் கேக் செய்தேன், தட்டிலிருந்து எடுக்கும்போதே உதிர்ந்துவிட்டது. கோதுமை மா ஒரு கரண்டி கூடக் கலக்கக்கூடாது என்கிறார் ஒருவர். ஆளிவிதை வாங்கு என்கிறார் இன்னொருவர், விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பதில், 05.01.2025, இரவு

தங்கச்சி, உதிர்வதற்குக் காரணம் உங்கள் கைப்பக்குவம் இல்லை. கோதுமை மாவில் தண்ணீர் பட்டுப் பிசையும்போது குளூட்டன் என்ற புரதம் வலையாகப் பின்னிக்கொள்ளும், காற்றைப் பிடித்து வைப்பதும் துண்டை ஒன்றாக வைத்திருப்பதும் அதுதான். குரக்கனில் அது கிடையாது. கேக்கில் அந்த வேலையில் பாதியை முட்டை செய்யும், அடித்தால் நுரையாகி நிற்கும், சூட்டில் இறுகிப் பிடிக்கும். நீங்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்துவிட்டு வாழைப்பழத்தை மட்டும் நம்பியிருக்கிறீர்கள். வாழைப்பழம் ஈரமும் இனிப்பும் தரும், காற்றைப் பிடிக்காது.

கோதுமை மா ஒரு கரண்டி கூடக் கூடாது என்பது குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயாளிக்குத்தான் பொருந்தும். சுகர்காரருக்கு அந்தக் கட்டுப்பாடு தேவையில்லை. அவருக்குக் கணக்கு வேறு: ஒரு துண்டில் எவ்வளவு மாச்சத்து, எவ்வளவு சீனி, எவ்வளவு நார். ஆட்டா மா கொஞ்சம் கலந்தால் ஒன்றும் குடி முழுகாது.

நான் உவர்மலையில் வீட்டிலேயே ஓடர் எடுத்துச் செய்கிறேன். முட்டை இல்லாத கேக் கேட்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். 2022 இல் முட்டை விலை ஏறி, 2023 இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் அளவுக்குப் போனபோதுதான் நான் இதில் மும்முரமாக இறங்கினேன்.

06.01.2025

ஆளிவிதை பற்றி. வேலை செய்யும், அதில் சந்தேகமில்லை. அரைத்த விதை ஒரு மேசைக்கரண்டிக்கு மூன்று மேசைக்கரண்டி தண்ணீர், பத்து நிமிடம் விட்டால் கொழகொழவென்று வரும், அது ஒரு முட்டைக்குச் சமம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். சமம் என்பது ஒட்டுவதில் மட்டும். உப்புவதில் இல்லை. அப்புறம் அது வெளிநாட்டுச் சரக்கு, அரைத்து வைத்தால் எண்ணெய் சீக்கிரம் காறிப்போகும்.

சர்பத்தில் போடுகிற கசகசா இருக்கிறதே, தண்ணீரில் ஊதிக்கொண்டு வரும் அந்தக் கறுப்புத் திருநீற்றுப்பச்சை விதை, அதுவும் அதே பசையைத்தான் தருகிறது. நம் கடைகளில் எங்கும் கிடைக்கும். ஊறவைத்து மிக்சியில் ஒரு சுற்று விட்டுச் சேர்த்தால் பிஸ்கட்டுக்கும் மஃபினுக்கும் போதும்.

ஆனால் நான் உண்மையில் சொல்ல வந்தது உழுந்தை.

06.01.2025, இரவு

உழுந்து ஏன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார், விளக்கமாகவே எழுதுகிறேன். இட்லி ஏன் முட்டை இல்லாமல், குளூட்டன் இல்லாமல் பஞ்சாக உப்புகிறது? அரிசியில் பிடிமானம் கிடையாது. உழுந்தில் இரண்டு பொருட்கள் இருக்கின்றன. ஒன்று நுரையை உண்டாக்கும் குளோபுலின் புரதம், மற்றது அந்த நுரை உடையாமல் தாங்கும் அரபினோகலக்டன் என்ற பசை. முட்டை வெள்ளை செய்கிற வேலையை இந்த இரண்டும் சேர்ந்து செய்கின்றன. நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக அரைத்துக்கொண்டிருக்கிற ஒன்றை விட்டுவிட்டு, பெயர் வாயில் நுழையாத பொடியைக் கொழும்பிலிருந்து வரவழைப்பது எனக்கு மனம் ஒப்பாத காரியம்.

முறை இதுதான். தோல் நீக்கிய உழுந்தை மூன்று நான்கு மணித்தியாலம் ஊறவிட்டு, குளிர்ந்த தண்ணீர் தெளித்துத் தெளித்து அரைக்க வேண்டும். மிக்சி சூடானால் நுரை நிற்காது, அதனால் ஐஸ் தண்ணீர் நல்லது. பிறகு கிண்ணத்தில் போட்டுக் கையாலோ பீட்டராலோ ஒரே பக்கமாக அடியுங்கள். முதலில் மங்கலான கஞ்சி நிறத்தில் கனமாக இருக்கும். அடிக்க அடிக்க வெளுத்து, கரண்டியில் எடுத்தால் விழாமல் நுனி மட்டும் மெல்ல வளையும். பதம் பார்க்க, வடைக்குப் பார்ப்பதைப் போலவே ஒரு பொட்டு எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் சரி. அடியில் போய் உட்கார்ந்தால் இன்னும் அடிக்க வேண்டும், அல்லது தண்ணீர் கூடிவிட்டது.

வடை மணம் வருமே என்று பயப்படுகிறீர்கள். ஏலக்காயும் வறுத்த குரக்கனும் அதை மூடிவிடும். வனிலா மட்டும் போட்டால் மூடாது.

08.01.2025

அளவு கேட்டு நாலைந்து பேர். சரி, எழுதுகிறேன். எட்டங்குல சதுரத் தட்டுக்கு.

உழுந்து 60 கிராம் (ஊறுமுன் நிறுத்தது), குரக்கன் மா 120 கிராம், ஆட்டா மா 80 கிராம், பனங்கட்டி 90 கிராம், ஓரளவு கெட்டியான தேங்காய்ப்பால் 200 மில்லிலீட்டர், எண்ணெய் 50 மில்லிலீட்டர், தேசிக்காய்ப் புளி ஒரு மேசைக்கரண்டி, அப்பச்சோடா அரைத் தேக்கரண்டி, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, ஏலக்காய் தாராளமாக.

குரக்கன் மாவை வெறும் தாச்சியில் மெல்லிய நெருப்பில் வாசம் வரும்வரை வறுத்து ஆறவிடுங்கள். பச்சை மணம் போகும், வேறு எந்தச் செய்கையையும்விட ருசியை மாற்றுவது இதுதான். பனங்கட்டியைத் தேங்காய்ப்பாலில் கரைத்து வடித்து (மணல் இருக்கும், கட்டாயம் வடியுங்கள்) எண்ணெயையும் மாக்களையும் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். குரக்கனின் தவிடு மெதுவாகத்தான் தண்ணீர் குடிக்கும், அவசரப்பட்டால் வாயில் நறநறக்கும். அதன் பிறகு சோடாக்களையும் தேசிக்காய்ப் புளியையும் போட்டு, கடைசியாக அடித்த உழுந்தை மூன்று தடவையாக மடித்துச் சேர்க்க வேண்டும். கலக்கக்கூடாது, மடிக்க வேண்டும். உடனே வெதுப்பியில் வையுங்கள். அப்பச்சோடா புளியைக் கண்ட கணத்திலிருந்தே வாயுவை விடத் தொடங்கிவிடும், அடுப்படியில் காத்திருக்க விட்டால் அத்தனையும் வீண்.

170 பாகை, 40 நிமிடம் அளவில். நடுவில் குச்சி குத்திப் பாருங்கள். வெளியே எடுத்ததும் வெட்டவேண்டாம், முழுக்க ஆறட்டும். சூட்டில் வெட்டினால் கத்தியில் களியாக ஒட்டும், ஆறியபின் அதே கேக் நேராக வெட்டுப்படும்.

08.01.2025, இரவு

கணக்கு. மேலே சொன்னதைப் பதினாறு துண்டாக வெட்டினால் ஒரு துண்டில் ஏறக்குறைய 16 கிராம் மாச்சத்து, அதில் பனங்கட்டியின் பங்கு ஐந்தரை கிராம் சொச்சம். சேர்க்கிற சீனி ஒரு நாளைக்கு 25 கிராம் அளவுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015 இல் சொன்னது. ஒரு துண்டு அதற்குள் அடங்கும். நான்கு துண்டிலேயே அந்த அளவு கிட்டத்தட்ட முடிந்துவிடும், ஐந்து துண்டு அடங்காது. தேத்தண்ணிக்குப் போடும் சீனியையும் இந்தக் கணக்கில் சேருங்கள் தங்கச்சி.

14.01.2025

எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்து. சர்க்கரைப் பொங்கல் நாளில் இதை எழுத எனக்கே சங்கடம்தான், ஆனாலும் மேலே இரண்டு பேர் "பனங்கட்டி சுகரை ஏற்றாது, கித்துல் பாணி மருந்து" என்று எழுதியிருப்பதை அப்படியே விடமுடியாது. பனங்கட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ், வெள்ளைச் சீனியில் இருப்பதும் அதுவே. மண்ணிலிருந்து வந்த கனிமங்கள் கொஞ்சம் இருக்கும், மணம் அருமையாக இருக்கும். அந்த மணத்துக்காகத்தான் நான் போடுகிறேன், குறைந்த அளவிலேயே இனிப்பு தெரியும் என்பதற்காக. இதை நம்பி ஒரு அம்மா மாத்திரையை விட்டுவிட்டால் பொறுப்பு யார்? கடையில் "சீனி இல்லை, பனங்கட்டி மட்டும்" என்று எழுதி விற்கிறவர்கள் அடியில் இன்னொரு வரியும் எழுத வேண்டும்.

தாவர உணவு என்றாலே உடம்புக்கு நல்லது என்ற எண்ணமும் இப்படித்தான். வெள்ளை மா, சீனி, மாஜரின், தண்ணீர், சாயம். இதில் முட்டை இல்லை, பால் இல்லை. நல்லதா? இல்லை.

19.01.2025

எண்ணெய்க்கு வருவோம், இதில்தான் சண்டை அதிகம்.

தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு 80 வீதத்துக்கு மேல். அது எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரோலை ஏற்றுகிறது, வேண்டாம் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2017 இல் சொன்னது. நம் பாட்டன் பூட்டன் சாப்பிட்டார்களே என்கிறார் நிலாவெளி அண்ணன். சாப்பிட்டார்கள், கேக்கும் பட்டிஸும் பணிஸும் தினம் சாப்பிடவில்லை. கொலஸ்ட்ரோல் கூடியவருக்குச் செய்யும்போது நான் நல்லெண்ணெயைத்தான் எடுக்கிறேன். அதில் நிறைவுற்ற கொழுப்பு 15 வீதம் அளவில்தான். மணம் தூக்கலாக இருக்குமே என்றால், வெள்ளைக் கேக்கில் இருக்கும், குரக்கனோடும் பனங்கட்டியோடும் அது எள்ளுருண்டைப் பக்கம் சாய்ந்து நன்றாகவே பொருந்தும். மணம் பிடிக்காதவர்கள் பாதிக்குப் பாதி கலக்கலாம்.

மாஜரினைப் பற்றி இரண்டு விஷயம். சிலதில் பால் பொருள் இருக்கும், முழுத் தாவரம் என்று நினைத்து வாங்கவேண்டாம், பெட்டியின் பின்பக்கம் வாசியுங்கள். ஓரளவு ஐதரசன் ஏற்றிய கொழுப்பு என்று இருந்தால் அது டிரான்ஸ் கொழுப்பு, அதை உலக உணவிலிருந்தே ஒழிக்க வேண்டும் என்று 2018 இல் உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டது.

இன்னொன்று. வெளிநாட்டு வீடியோக்களில் தேங்காய் எண்ணெயையும் சீனியையும் வெள்ளையாக வரும்வரை அடிக்கச் சொல்வார்கள். அது 24, 25 பாகைக்குக் கீழேதான் உறையும். திருகோணமலையில் அதை எதிர்பார்க்க முடியுமா? தை மாதம் விடியப்புறம் போத்தலில் கொஞ்சம் கலங்கி நிற்கும், அவ்வளவுதான். திரவ எண்ணெயில் காற்று ஏறாது, அதனால் அந்த முறையை நம் ஊரில் விட்டுவிட்டுக் காற்றை உழுந்திலோ கடலைத் தண்ணீரிலோ ஏற்றுங்கள்.

26.01.2025

கடலைத் தண்ணீர் என்றால் என்ன என்கிறீர்கள். டச்பே கடற்கரையில் சுண்டல் விற்பார்களே, அந்தக் கடலையை அவித்து நாம் ஊற்றிவிடுகிற தண்ணீர். 2014 இல் ஜோயல் ரொசெல் என்ற பிரான்ஸ் நாட்டுப் பாடகர் அது முட்டை வெள்ளையைப் போல் நுரைக்கும் என்று காட்டினார், அடுத்த ஆண்டு கூஸ் வோல்ட் என்ற அமெரிக்கர் அதையும் சீனியையும் மட்டும் வைத்து மெரிங் (வழக்கமாக முட்டை வெள்ளையை நுரைக்க அடித்துச் செய்யும் இனிப்பு) செய்தார். இன்று உலகம் முழுக்க அக்வாஃபாபா என்று அழைக்கிறார்கள்.

ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் அவியுங்கள், உப்பு வேண்டாம். கடலையை எடுத்தபின் தண்ணீரை வற்றவிட்டு, விரலில் தொட்டால் வழுவழுவென்று இருக்கும் பதத்தில் இறக்கிக் குளிரூட்டியில் வையுங்கள். மறுநாள் இரண்டு துளி தேசிக்காய்ப் புளி விட்டு அடித்தால் வெள்ளை வெளேரென்று எழும். மூன்று மேசைக்கரண்டி ஒரு முட்டைக்குக் கணக்கு.

உழுந்தோடு ஒப்பிட்டால்? நுரை இதில் அதிகம், பிடிமானம் குறைவு. மெரிங் நிற்க வேண்டுமானால் சீனியை அள்ளிப் போடவேண்டும், அது அம்மாவுக்கு உதவாது. ரவைக் கேக், மெல்லிய ஸ்பொஞ்ச் இவற்றுக்கு இது நல்லது. குரக்கனின் பாரத்தை இது தனியாகத் தாங்காது.

02.02.2025

பாணைப் பற்றி யாரும் பேசவில்லையே என்கிறார் சாம்பல்தீவு அக்கா. நியாயமான கேள்வி, கேக் எப்போதாவது, பாண் தினமும்.

இலங்கையில் கோதுமை விளைவதில்லை. கப்பலில் தானியமாக வந்து நம் சீனன்குடாப் பக்கம் 1980 முதல் இயங்கும் பிரிமா போன்ற ஆலைகளில் மாவாகிறது. ஆலை வாசலிலேயே இருந்தும், 2022 இல் டொலர் இல்லாமல் மாவும் பாணும் என்ன பாடுபட்டது என்று நம் எல்லோருக்கும் தெரியும். அதனால் பாணில் முப்பது வீதம் குரக்கன் சேர்ப்பதை நான் உடல்நலத்துக்கு மட்டும் சொல்லவில்லை, மானாவாரியில் விளைகிற ஒரு பயிருக்கு நம் மேசையில் இடம் கிடைக்கட்டும் என்றும்தான்.

முப்பதுக்கு மேல் போனால் பாண் அமுங்கும். அந்த முப்பதையும் நேரடியாகக் கொட்டவேண்டாம். 150 கிராம் குரக்கன் மாவுக்கு 200 மில்லிலீட்டர் கொதிநீர் விட்டுக் கிண்டி ஆறவிடுங்கள், இடியப்ப மாவுக்குச் செய்கிற அதே வேலை. மாப்பொருள் வெந்து தண்ணீரைப் பிடித்துக்கொள்வதால் மறுநாளும் பாண் வறளாது. பிறகு 350 கிராம் கோதுமை மா (பாதி ஆட்டாவாக இருக்கட்டும்), ஈஸ்ட் 5 கிராம், உப்பு 8 கிராம், எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, இன்னும் 150 மில்லிலீட்டர் அளவில் குளிர்ந்த தண்ணீர். நம் வெயிலில் மா வேகமாகப் பொங்கிப் புளித்துவிடும், குளிர்ந்த தண்ணீரும் குறைந்த ஈஸ்ட்டும் போதும். முடிந்தால் இரவு முழுக்கக் குளிரூட்டியில் வைத்துக் காலையில் போடுங்கள். மெதுவாகப் புளிக்கும்போது, தவிட்டில் கனிமங்களைப் பிடித்து வைக்கும் பைடேட் என்ற பொருள் குறையும். குரக்கனில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் என்று பெருமையாகச் சொல்கிறோம், அந்தப் பைடேட் பிடித்து வைத்திருந்தால் அதில் எவ்வளவு உடம்பில் சேரும்?

மில்லில் அரைக்கக் கொடுக்கும்போது மிக நைசாக வேண்டாம், கொஞ்சம் கொரகொரப்பாக இருக்கட்டும் என்று சொல்லுங்கள். நைசான மா வேகமாகச் செரித்து இரத்தத்தில் சீனியை வேகமாக ஏற்றும், குரக்கனானாலும் அதுதான்.

பணிஸுக்கு மேலே முட்டை பூசாமல் மினுக்கம் வர, தேங்காய்ப்பாலில் சொட்டு கித்துல் பாணி கலந்து பூசுங்கள்.

16.02.2025

வேறு மாக்கள், சுருக்கமாக.

பச்சை வாழைக்காய் மா: செரிக்காத மாப்பொருள் அதிகம் என்று விற்கிறார்கள். பச்சையாக இருக்கும்வரை உண்மை, வெதுப்பியின் சூட்டில் அதில் பெரும்பங்கு சாதாரண மாப்பொருளாக வெந்துவிடும். பலாக்கொட்டை மா: அவித்து, காயவைத்து, அரைத்துப் பிஸ்கட்டில் கால்பங்கு போடலாம், கஜுவின் சாயலில் ருசி. ஒடியல் மா (பச்சைப் பனங்கிழங்கைக் காயவைத்து அரைத்தது): கசப்பு. பிட்டுக்குச் செய்வதுபோலத் தண்ணீரில் ஊறவிட்டு வடித்துத்தான் எடுக்க வேண்டும், கேக்கில் நான் விரும்பவில்லை, காரப் பிஸ்கட்டில், கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியல் மா நன்றாக வருகிறது.

தேங்காய்ச் சக்கைக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லவேண்டும். தேங்காய் விற்கிற விலைக்கு, பால் பிழிந்த சக்கையை எறிய மனம் வருமா? மெல்லிய சூட்டில் மொறுமொறுவென்று காயவைத்து அரைத்தால் அதுவே தேங்காய் மா, நார் நிறைந்தது. தண்ணீரை உறிஞ்சித் தள்ளும், அதனால் மொத்த மாவில் பத்திலொரு பங்குக்கு மேல் வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள், காறல் மணம் சீக்கிரம் வரும்.

03.03.2025

நோன்பு தொடங்கிவிட்டது, கிண்ணியாவிலிருந்து ஒரு தம்பி பேரீச்சம்பழத்தால் முழுச் சீனியையும் மாற்றலாமா என்று கேட்டிருக்கிறார். மாற்றலாம் தம்பி. பழத்திலும் பாதிக்கு மேல் சீனிதான், ஆனால் நார் கூடவே வருகிறது, அரைத்துப் போடும்போது ஈரமும் வருகிறது. அந்த ஈரம்தான் முக்கியம். சீனி இனிப்புக்கு மட்டும் இருப்பதில்லை, கேக்கை மெதுவாக வைத்திருப்பதும் மேலே பொன்னிறம் தருவதும் அதுதான். சும்மா பாதியாகக் குறைத்தால் வெளிறிய, வறண்ட துண்டுதான் கிடைக்கும். அவித்து மசித்த வத்தாளங்கிழங்கோ பப்பாசியோ பேரீச்சம்பழமோ அந்த இடத்தை நிரப்ப வேண்டும். என் அளவில் 90 கிராம் பனங்கட்டிக்குப் பதில் 80 கிராம் பழம், கொட்டை எடுத்துச் சுடுநீரில் ஊறவிட்டு அரைத்தது. அந்த ஊறிய நீர் எவ்வளவோ, தேங்காய்ப்பாலில் அவ்வளவு குறையுங்கள்.

09.03.2025

கேள்வி கேட்ட தங்கச்சி திரும்பி வந்து, கேக் உதிராமல் வந்தது, அம்மா இரண்டாம் துண்டு கேட்கிறார், கொடுக்கலாமா என்று எழுதியிருக்கிறார். மிகவும் சந்தோஷம். கொடுக்கலாமா என்பதை நான் சொல்லமுடியாது, வீட்டில் மீற்றர் இருந்தால் அது சொல்லும். ஒரு துண்டு சாப்பிடுமுன் ஒரு தடவை, இரண்டு மணித்தியாலம் கழித்து ஒரு தடவை குத்திப் பார்த்து எழுதி வையுங்கள். வேறொரு நாள் வழமையான பாண் இரண்டு துண்டோடு அதே மாதிரிப் பாருங்கள். அந்த எண்களைக் கிளினிக் கொப்பியோடு டாக்டரிடம் காட்டி அளவைக் கேளுங்கள்.

மிச்சக் கேக்கை வெளியில் ஒரு நாளுக்கு மேல் வைக்கவேண்டாம். தேங்காய்ப்பாலும் உழுந்தும் நம் வெக்கையில் தாங்காது. துண்டுகளாக வெட்டி ஃப்ரீசரில் போட்டு, வேண்டியபோது ஒன்றை எடுத்துத் தோசைக்கல்லில் மூடிச் சூடாக்கினால் போதும்.